தட்டைக் கீழே போடு

மாப்ளே,

இன்று காலை பீரோவைக் குடைந்தபோது என் மஞ்சள் பெல்ட் கைக்கு வந்தது. எத்தனை முறை துவைத்தும் அலுமினியப் பவுடர் அதில் மினுங்குகிறது. பட்டாசு மருந்து ஒட்டிய கையோடு கராத்தே வகுப்புக்கு வந்தவர்கள் விருதுநகரிலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

மகள்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று சேர்ந்தோம். நாற்பது வயதுத் தொப்பையோடு, இடுப்பு உயரப் பிள்ளைகளுக்கு நடுவில். கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு வரிசை மாறாமல் குத்தி, உதைத்து, திரும்பும் கட்டாவும் எட்டாம் வகுப்புக் கணக்கும் எனக்கு ஒன்றுதான், பாதியில் தொலைந்துவிடுவேன். எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, நான் வலப்பக்கம் திரும்பி என் மகளையே முறைத்துக்கொண்டு நிற்பேன்.

"ஏலே, எதிரி அங்கன இல்ல, இங்கன இருக்கான்!" என்று கத்துவாய்.

"ஆளே இல்லாத காத்தை எதுக்குலே குத்திக்கிட்டே இருக்கணும்?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"அம்புட்டுத் தடவை செஞ்சா, ஒரு நாளைக்கு உடம்பு நம்மகிட்டக் கேக்காமலே செய்யும்லே" என்றாய்.

அந்தப் பேச்சோடு நிற்கவில்லை நீ. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் நாம் மருந்து நிரப்பும் அறைக்கு ஒரு கட்டா உண்டாக்கினாய். நாலு பேர், நாலு வாசல். காலையில் மருந்து வருவதற்கு முன் அவரவர் இடத்தில் உட்காருவோம். நீ கைதட்டியதும் எழ வேண்டும், திரும்ப வேண்டும், ஓடிப்போய் வேப்பமரத்தைத் தொட வேண்டும். நின்று பார்க்கக் கூடாது. கூட வேலை செய்த அக்காமார் இருவரும் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். "எல்லாரும் ஒலிம்பிக்குக்கா போறீக?" என்று போர்மேன் கேலி செய்வார்.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் அது நடந்தது. என் பக்கத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் எழுந்தது எனக்குத் தெரியாது. மரப்பட்டை உள்ளங்கையில் உறுத்திய பிறகுதான் ஓடி வந்திருக்கிறேன் என்று விளங்கியது. அக்காமார் இருவரும் மரத்தடியில் இருந்தார்கள். பின்னால் அறை இல்லை.

எழுந்து திரும்பிய நொடியில் கண்ணில் பட்டது மட்டும் போக மாட்டேன் என்கிறது. நீ அறை நடுவில், மருந்து நிரப்பிய குழாய்களை அடுக்கிய தட்டோடு நின்றாய். அதைப் போட்டுவிட்டு ஓடவில்லை. குனிந்து, மெதுவாகத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாய்.

பதினெட்டு வருசமாக நம் கைகள் படித்த பாடம் அது ஒன்றுதானே: தட்டு அதிரக் கூடாது. அதுவும் கட்டாதான் மாப்ளே. நீ சொன்னபடியே உன் உடம்பு உன்னிடம் கேட்கவில்லை. நாம் ஓடிப் பழகியதெல்லாம் வெறுங்கையோடு. அது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

உன் மகள் இப்போது வகுப்புக்கு வருவதில்லை. வேறு தொழில் தெரியாத நான் நாரணாபுரத்தில் இன்னொரு கம்பெனிக்குப் போகிறேன். கம்பெனி வேன் வருவதற்கு முன், தினமும் காலித் தட்டை ஏந்தி முற்றத்தில் நிற்கிறேன். எனக்குச் சாமி வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் நினைக்கிறார்கள். என் மகள் கைதட்டுகிறாள்.

"போடுப்பா! கீழ போடு!"

தட்டில் ஒன்றுமே இல்லை. ஆறு மாதமாகப் பழகுகிறேன். இன்றைக்கும் குனிந்து, சத்தமே வராமல் வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.