பொலித்தீனுக்குக் கீழே

இஞ்சாரும் பிரியாந்தினி,

எழும்பியதும் பின்வளவுக்கு ஓடாதேயும். முதலில் இதை வாசியும். படகை நான் பார்த்துவிட்டேன்!

“பெயின்ற்றை உரிச்சுப் பாக்காமல், மரம் உக்கிப்போச்சு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று நேற்றுச் சண்டை பிடித்தீர் அல்லவா? காலையில் பொலித்தீனைத் தூக்கினேன். நேற்று நீர் பூசி மூடிவைத்த, பெயின்ற் உரிக்கும் மருந்தில் ஊறி, பழைய பெயின்ற் அவித்த கிழங்கின் தோல்போலக் கழன்று வந்தது. கீழே பலாப் பலகை, தேன் நிறத்தில்! சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்திலும் உக்கல் இல்லை. கெட்டிக்காரியப்பா நீர்!

உக்கல் படகென்று நான் விலை பேசியதை வாங்க இன்று மடவளை மக்கீன் நானா வருவார். தேத்தண்ணி கொடுத்து, “இவர் இனி விக்கமாட்டாராம்” என்று சொல்லி அனுப்பும்.

புட்டு மூடி வைத்திருக்கிறேன். கொட்டில் பூட்டின் திறப்பு பிரிஜ்ஜின் மேலே. கையுறை இல்லாமல் மருந்தைத் தொடவேண்டாம். இன்னொரு டின் வாங்கக் கண்டிக்குப் போகிறேன். மற்றப் பக்கத்தை இருவருமாக உரிப்போம்.

பாலேந்திரன்

பி.கு.: நேற்று நீர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்த, மருந்து பட்ட தட்டகப்பையை அடுப்படிக்குக் கொண்டுபோகாதேயும். அதற்காகத்தானே அவ்வளவு கத்தினேன்! இனி அது படகுக்கு. உமக்குப் புதிது வாங்கி வருகிறேன்.

இன்னொன்று: படகுக்கு என்ன நிறம் அடிப்பதென்று நீரே சொல்லும். நான் வாய் திறக்கமாட்டேன்.