பூமாலை போட்ட எஞ்சின்

வெள்ளிக்கிழமை.

கோபம் இன்னும் அடங்கவில்லை. கையும் நோகிறது. அதனால் எழுத்து கோணலாக வருகிறது. கோணலானாலும் இந்த வயதில் நானே பழகிய என் எழுத்து.

இன்று எங்கள் படகுக்குப் புது எஞ்சின் பூட்டினோம். மருமகன் பின்பலகையில் வைத்துத் திருகுகளை இறுக்கினான். எஞ்சினைப் படகோடு சேர்த்து நான் கயிறு கட்டினேன். திருகு இளகினாலும் எஞ்சின் கடலுக்குள் போகாமல் அந்தக் கயிறுதான் பிடிக்கும். பிறகு அவன் சந்தனம் பூசி, தேசிக்காய் வெட்டி, மாலை போட்டான்.

கொட்டியாரக் குடாவில் முதல் பெரிய அலைக்கே திருகு இளகியது. எஞ்சின் துள்ளிச் சரிந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்து ஓட்டிய மருமகனும் அதோடு வெளியே இழுபட்டான். நான் பாய்ந்து ஒரு கையால் அவனையும் மறு கையால் எஞ்சினையும் பிடித்தேன். நான் கயிறு கட்டியிருந்த எஞ்சின் வளையத்தில் பூமாலைதான் தொங்கியது.

“கயிறு எங்க?”

“மாலை வடிவா நிக்கேல்ல எண்டு கழட்டினனான், மாமா. நல்ல நாள்தானே, சாமி பிடிக்கும்.”

“சாமி பிடிக்கேல்ல. நான்தான் பிடிச்சனான். அந்த மாலையை எனக்குப் போடு!”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாகக் கரைக்கு வந்திருந்தால் மகளிடம் என்ன சொல்லியிருப்பேன்?

விடிந்ததும் பின்பலகையில் சிவப்புப் பெயின்றால் எழுதப் போகிறேன். நான் எழுதி இன்னொருவர் வாசிப்பது அதுதான் முதல் தடவை. வாசிக்கட்டும், ஒவ்வொரு நாளும் வாசிக்கட்டும். இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

கயிற்றைக் கழற்றாதே.

நன்றாகத்தான் வந்திருக்கிறது. இன்னும் பெரிதாக எழுத வேண்டும்.