மூலை கடித்த எழுத்துப் புத்தகம்

அன்புள்ள உனக்கு,

புத்தகம் காலை பத்து மணிக்கே உன் கட்டிலுக்கு வந்துவிட்டதாக நர்ஸ் போனில் உறுதிப்படுத்தினார்.

வீட்டில் எழுத்துப் படப் புத்தகங்கள் ஐந்து இருந்தும் மகள் கொடுத்தனுப்பியது, பல் முளைத்த வயதில் அவள் மூலையைக் கடித்து வைத்த அதே புத்தகம். நேற்று அதை நான் படித்துக் காட்டும்போது முயல் படம் உள்ள பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

“போதும்ப்பா. நீ படிச்சா முயல்கூட நியூஸ் வாசிக்குது. அம்மாகிட்டயே குடுத்துடு.”

நீ படித்தால் முயல் தும்முமாமே. எனக்கு இத்தனை நாள் தெரியாது.

தொற்று வார்டுக்குள் போகிற எந்தப் பொருளும் நோயாளி வீடு திரும்பும்போதுதான் வெளியே வரும் என்று அவளிடம் விளக்கினேன்.

“சரி, அம்மா வர்றப்போ எடுத்துட்டு வரட்டும். வருவாங்கல்ல?”

இருபது வருஷ நிருபர் வேலையில் உறுதியாகாத ஒன்றை நான் எழுதியதில்லை. அவளிடம் “வருவாங்க” என்று சொல்லிவிட்டேன். உடனே செருப்பு மாட்டப் போய்விட்டாள், நாங்கள் இரண்டு பேரும் உன்னைக் கூட்டி வரப் போகிறோமாம். சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆனது.

உன்னை வீட்டுக்கு அனுப்புவது கடைசிப் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. அது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரும் என்கிறார் டாக்டர். நாலரைக்கே நாங்கள் இருவரும் கீழே வரவேற்பறையில் இருப்போம்.

உன் வீட்டுக்காரன்