கணவாயில் சுகந்தி ஓட்டிய நாள்

ஒக்டோபர் 9, வியாழன். குட்மேய்ஸ், லண்டன்.

காலையிலிருந்து தூறல். பெட்டி அடுக்கியாயிற்று. என் மாத்திரைகள் இரண்டு பங்காக: ஒன்று என் பையில், ஒன்று மனைவி சுகந்தியின் பையில். அவள் ஏற்பாடு.

மொரோக்கோ மலைப் பயணம் என் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று போன வருடமே பதிந்தது. ஓட்டுவது நான் என்றுதான் கணக்கு. தை மாதம் குசினியில், அடுப்புக்கு முன்னால், வலிப்பு வந்து விழுந்தேன். லைசென்ஸ் போயிற்று. இருபது வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவன், இப்போது அதே பஸ்ஸில் பயணி.

பயணத்தை நிறுத்துவோம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏன் நிப்பாட்டுவான்? நான் ஓட்டுறன்" என்றாள். அவள் கார் ஓட்டுவது வேலைக்கும் இல்ஃபோர்ட் மரக்கறிக் கடைக்கும் மட்டும்.

ஒக்டோபர் 10, வெள்ளி. மொரோக்கோ.

வாடகை ஜீப். ஸ்டியரிங் இடப்பக்கம். பாரிஸில் இருந்த காலத்தில் எனக்குப் பழகியது, அவளுக்குப் புதிது. முதல் ரவுண்டபௌட்டில் என் கால் தானாக மிதித்தது.

"அங்கை பிரேக் இல்லையப்பா."

வாயை மூடிக்கொண்டு வந்தேன். கஷ்டம். இரவுச் சாப்பாடு: ஆட்டிறைச்சி, பேரீச்சம்பழம் போட்டு. அவளுக்குப் பிடித்தது. எனக்கு உறைப்புக் காணாது.

ஒக்டோபர் 11, சனி.

எரிக்கும் வெயில், ஆனால் குளிர் காற்று. கடைசிக் கிராமத்தோடு தார் வீதி முடிந்தது. அதன் பிறகு கல்லும் புழுதியும்தான். ஒரு மரம் இல்லை. மலை முதலில் சிவப்பு, மேலே போகப் போகப் பழுப்பு, நிழல் விழுந்த இடமெல்லாம் ஊதா. சரிவெங்கும் உருண்டை உருண்டையாக முட்செடிகள், ஆடுகள் சுருண்டு படுத்திருப்பதுபோல. வாழ்நாளில் இப்படி ஒரு இடம் பார்த்ததில்லை. இதைப் பார்க்கவா, அவள் கிளட்ச் மிதிப்பதைப் பார்க்கவா?

கணவாய்க்குச் சற்றுக் கீழே, எதிரே ஒரு லொறி. வைக்கோல் கட்டு வானமளவு. விலக இடமில்லை. பாரத்தோடு அது பின்னால் ஏறாது. நாங்கள்தான் ரிவேர்ஸில், வளைவைத் தாண்டி, கீழே அகலமான இடம் வரைக்கும் போகவேண்டும். ஒரு பக்கம் பாறை. மற்றப் பக்கம் ஒன்றுமில்லை.

"நீர் இறங்கும். நான் எடுக்கிறன்."

"ஏலாது."

"சுகந்தி, இது விளையாட்டில்லை."

"அதுதான் சொல்லுறன். இடையிலை உங்களுக்கு ஏதும் வந்தால்? பின்னாலை போய் நிண்டு கையைக் காட்டுங்கோ. நீங்கள் காட்டுறபடி வாறன்."

கோபம் வந்தது. இறங்கினேன். கதவை அடித்துச் சாத்தினேன்.

வளைவில் போய் நின்றேன், அவள் கண்ணாடியில் தெரிகிறமாதிரி. வா என்றால் வந்தாள். நில் என்றால் நின்றாள். வளைவின் நடுவில் ஜீப்பின் பின்சில்லு பாதை விளிம்புக்குப் போய்விட்டது. ஒரு கல் உருண்டு விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கவேயில்லை.

"நில்லும்!"

நின்றாள். கொஞ்சம் முன்னுக்கு எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். மறுபடி பின்னுக்கு. அவளுக்குத் தெரிந்தது கண்ணாடியில் என் கை ஒன்றுதான். அதை நம்பி மெல்ல மெல்ல வந்தாள். என் கோபம் எந்த இடத்தில் போனது என்று தெரியவில்லை.

லொறி கடந்தது. சாரதி, மீசை நரைத்தவர், நிறுத்தி இறங்கி அவளுக்குக் கை கொடுத்தார். பிரெஞ்சில் என்னிடம்: "மேலே காற்று பலம். கதவை இறுக்கிப் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள்."

உச்சியில் என்ஜினை நிறுத்தினாள். தெற்கே முழுக்கப் பாலைவெளி, மங்கலாக, முடிவே தெரியாமல். ஆனால் அவள் கை ஸ்டியரிங்கை விடவில்லை. விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நடுக்கம். என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் நடுங்கினது" என்றாள்.

"எண்டைக்கு?"

"நீங்கள் குசினியிலை விழுந்தண்டைக்கு. அம்புலன்ஸ் வருமட்டும் உங்களைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். செத்துப்போனியள் எண்டுதான் நினைச்சன்."

ஒன்பது மாதமாகிறது. என் லைசென்ஸ் போனதையே பேசித் திரிந்திருக்கிறேன். இதை அவள் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

காற்று ஜீப்பை ஆட்டியது. ஒருவர் மாறி ஒருவர் குடித்தோம். தேத்தண்ணீர்ப் போத்தல் காலி.

ஒக்டோபர் 22, புதன். லண்டன்.

மழை. ஆஸ்பத்திரியில் நரம்பு டொக்டர். பஸ்ஸில் போகலாம் என்றேன், அவள் லீவு எடுத்துக் காரில் கொண்டுபோனாள். பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்று. நான் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் திறந்தேன்.

வழக்கமாக அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே உள்ளே போவேன். இன்று பெயர் கூப்பிட்டதும், "நீரும் வாரும்" என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். விழுந்த அன்று சரியாக என்ன நடந்தது? எனக்குத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் சொல்வதுபோல.

"இவவுக்குத் தெரியும்" என்றேன்.

சுகந்தி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுச் சொல்லத் தொடங்கினாள். நானும் அப்போதுதான் முழுவதையும் கேட்டேன்.