ஏழுமலையின் கரடிப் புத்தகம்

மாசி, செவ்வாய்க்கிழமை.

என்னோடு உப்பு வாரிய ஏழுமலை போய்ச் சேர்ந்து ஒரு மாதம். சாப்பாட்டு நேரத்தில் பாத்தி வரப்பில் உட்கார்ந்து அவன் பார்த்துச் சிரிக்கும் பழைய கரடிப் படக்கதையை, இன்று அவன் பொஞ்சாதி சரசுவிடம் கொடுத்தேன்.

"இதுல அப்படி இன்னாண்ணே சிரிப்பு?"

"கட்டில ஒடச்சிட்டு முழிக்குது பாரு, அசல் உன் வீட்டுக்காரன்."

லேசாகச் சிரித்தாள். ஏழுமலைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த முழிக்கு எழுத்தே வேண்டாம். இரண்டே கோட்டில் போட்டிருக்கிறான், படம் வரைந்த மகராசன். தன் பேரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சரசு விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினாள். சட்டென்று நிறுத்தினாள்.

"உப்பு கரிக்குதுண்ணே."

அவன் கை கழுவாமல்தான் புரட்டுவான்.

அதற்குமேல் அவள் புரட்டவில்லை. விரலை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.