இமைக்கு வெந்நீர்த் துணி

இசைவாணிக்கு,

பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அயர்ந்து தூங்கினாய், எழுப்பவில்லை. இட்லி சட்டியில் இருக்கிறது.

"தண்ணியாக் கொட்டுற கண்ணைப் போயி காஞ்ச கண்ணுங்காரு. கண் முகாம் டாக்டர் பேச்சை நீங்களும் நம்புறீகளாக்கும்" என்று நேற்றுச் சண்டை போட்டாயே, அவர் சொன்னது சரிதான். கண்ணீருக்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். அது இல்லாவிட்டால் நீர் சீக்கிரம் காய்ந்து, கண் உறுத்தும். உறுத்த உறுத்தக் கண் இன்னும் நீரைக் கொட்டும். உனக்கு அந்த எண்ணெய் மார்கழி மாதத் தேங்காயெண்ணெய் மாதிரி இமையோரத்தில் உறைந்து கிடக்கிறது. வெந்நீரில் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைத்தால் இளகும். செலவே இல்லை. பிறகு முகாமில் கொடுத்த சொட்டு மருந்தை விடு.

பட்டாசுக் கம்பெனிக்குக் கட்டிப்போகும் சேலை முந்தானையால் மட்டும் கண்ணைத் துடைக்காதே, அதில் வெடிமருந்துத் தூள் இருக்கும்.

பார்வை போய்விடும் என்று பயப்படாதே. நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன், போகாது என்றார்.

முனியசாமி

பின்குறிப்பு: நேற்றுச் சாயங்காலம் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு நான் படுத்திருந்தது கோபத்தில் இல்லை. உனக்குச் சூடு தாங்குமா என்று என் கண்ணில் வைத்துப் பார்த்தேன். சுகமாக இருந்தது, அப்படியே தூங்கிவிட்டேன்.