முந்திய தேதி

உங்கள் பாதுகாப்புக் காலணிகளை இன்று காலை வெயிலில் வைக்க எடுத்தேன். சிமெண்டும் வியர்வையும் கலந்த வாடை இன்னும் போகவில்லை. வாசலுக்கு வெளியே விடச் சொல்லி எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இன்று பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். சிரிக்காதீர்கள்.

மதியம் உங்கள் வழக்குக்கு மறுபடியும் நாள் குறிப்பதாக இருந்தது. அதனால் காலையிலிருந்தே உங்கள் நினைப்பு.

சைட்டில் சாரம் சரிந்து ஆள் விழுந்தது உங்கள் கவனக்குறைவால்தான் என்று கம்பெனி எழுதிய நாளிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லை. காற்று பலமாக இருக்கிறது, ஆட்களை ஏற்றாதீர்கள் என்று தடுத்தவரே நீங்கள்தான். ஊருக்குப் போய்விடலாம் என்று நான் அழுதேன்.

"சேஃப்டி ஆபீசரே ஆள விழ வச்சான்ங்கிற பேரோடயா போறது? கோர்ட்டுல அத நீக்கிட்டுத்தான் வருவேன்" என்றீர்கள்.

ஷார்ஜாவில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட்டோம். போட்டவுடன் நீதிபதி முன் நிற்கலாம் என்று நினைத்திருந்தோம், பாவம். முதலில் நீதிமன்ற அதிகாரி ஒருவர் வீடியோவில் வந்து கெடு வைத்தார். கம்பெனி பதில் தர ஒரு நாள், நாம் மறுப்பு எழுத ஒரு நாள், நிபுணர் அறிக்கைக்கு ஒரு நாள். கடைசியாக நீதிபதி விசாரிக்கும் நாளுக்கு மட்டும் இரண்டு தேதிகள் சொன்னார். வக்கீலின் மலையாளி உதவியாளர், "சேட்டா, முந்தினதா பிந்தினதா? யல்லா, சீக்கிரம், சார் வெயிட்டிங்" என்றார். நீங்கள் எழுந்துபோய் நாள்காட்டித் தாள்களைப் புரட்டினீர்கள். முந்திய தேதி அஷ்டமி.

"பிந்தினதே போட்டுடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராகு காலத்தில் ஏறினால் விமானம் கீழே விழுந்துவிடுமா என்று என்னைக் கேலி செய்த மனிதர் நீங்கள். கேட்டதற்கு, "எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான். நீ அன்னிக்குப் பூரா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருப்ப, அதான்" என்றீர்கள்.

உங்களை யார் அப்படிச் செய்யச் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தானே உங்கள் நெஞ்சு நின்றது. முந்தியதை எடுத்திருந்தால் அன்றே தீர்ப்பு வந்திருக்காது, தெரியும். நீதிபதி முன் உங்கள் வாயாலேயே சொல்லியாவது இருப்பீர்கள். எனக்காக அதை விட்டுக்கொடுத்ததுதான் இன்னும் ஆறவில்லை. இப்படியா ஒருத்தியிடம் அன்பு வைப்பது?

வாதி இறந்தால் வழக்கு நின்றுவிடுமாம். வாரிசு முன்வந்தால் மறுபடி தொடரலாம். "லெட் இட் கோ மா, அப்பாவே இல்ல" என்று மகள் கெஞ்சினாள். பெயர் இருக்கிறதே என்றேன்.

இன்று அதே அதிகாரி, மறுபடியும் இரண்டு தேதிகள். உங்கள் நாற்காலியில் நான். மகள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "மா, முதல் டேட் நவமி" என்று காதில் சொன்னாள். பயமாகத்தான் இருந்தது.

"முந்தினதே போடுங்க" என்றேன்.

விசாரணை நாளில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனாலும் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அரபியில் கற்றுக்கொண்டிருக்கிறேன். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன், இப்போது நாக்குக்குப் பழகிவிட்டது. 'என் கணவர் வேண்டாமென்று தடுத்தார்.' அதை நீதிபதியிடம் நானே சொல்ல வேண்டும்.